கிட்டத்தட்ட ஒரே நீளம், ஒரே வேகம்... 34 லட்சம் வித்தியாசம்! நாஞ்சில் நாட்டுக்கு எந்த செடான் சரி?

நாகர்கோவில் பக்கம் ஒரு வீட்டில் புது கார் எடுக்கப் போகிறார்கள் என்றால், அது அந்த வீட்டோடு நிற்கிற விஷயம் இல்லை. வடசேரியில் பேச்சு தொடங்கினால் தக்கலை சித்தப்பா கருத்துச் சொல்வார். துபாயில் இருக்கும் மச்சான் வாட்ஸ்அப்பில் நான்கு வீடியோ அனுப்புவார். கடைசியில் யாராவது ஒருவர் அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவார்: “இதுக்கு இவ்வளவு கொடுக்கதுக்கு, இன்னும் கொஞ்சம் போட்டா பென்ஸோ பி.எம்.டபிள்யூவோ எடுத்துரலாமே!”

அந்த ‘இன்னும் கொஞ்சம்’ எவ்வளவு? அதைப் போட்டால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது? காரில் உட்காரப் போவது யார், பணம் கட்டப்போவது யார்? இதையெல்லாம் பார்த்த பிறகு ஷோரூமுக்குக் கிளம்பலாம்.

முதலில் காகிதத்தில் இருப்பதைப் பார்த்துவிடுவோம். 2023 மார்ச்சில் வந்த ஹூண்டாய் வெர்னாவின் 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் மாடல் ஒரு பக்கம். 2025 ஜூலையில் இந்தியாவுக்கு வந்த பி.எம்.டபிள்யூ 2 சீரிஸ் கிரான் கூபேயின் 218 மாடல் இன்னொரு பக்கம். பி.எம்.டபிள்யூ குடும்பத்தில் நுழைவதற்கான முதல் படி செடான் இதுதான்.

வெர்னாவின் நீளம் 4,535 மி.மீ. பி.எம்.டபிள்யூவின் நீளம் 4,546 மி.மீ. வித்தியாசம் ஒரு விரல் அகலம்கூட இல்லை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள வீல்பேஸ் இரண்டிலும் 2,670 மி.மீ. இரண்டிலும் 1.5 லிட்டர் டர்போ இன்ஜின். வெர்னாவுக்கு 4 சிலிண்டர், 160 பி.எஸ். சக்தி. பி.எம்.டபிள்யூவுக்கு 3 சிலிண்டர், 156 குதிரைத் திறன். இழுவைத் திறனான டார்க், வெர்னாவில் 253 நியூட்டன் மீட்டர், பி.எம்.டபிள்யூவில் 230. இரண்டிலும் 7 கியர் டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக். இரண்டுமே முன் சக்கரத்தால் இழுக்கப்படும் வண்டிகள். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ வேகத்தைத் தொட வெர்னாவுக்கு 8.1 விநாடி, பி.எம்.டபிள்யூவுக்கு 8.6 விநாடி என்று அந்தந்த நிறுவனங்களே சொல்கின்றன. டிக்கி வெர்னாவில் 528 லிட்டர், பி.எம்.டபிள்யூவில் சுமார் 430 லிட்டர்.

பென்ஸ் பக்கம் போனாலும் கதை பெரிதாக மாறாது. 2021 மார்ச்சில் 39.90 லட்சம் ஆரம்ப விலையில் வந்த ஏ-கிளாஸ் லிமோசினில் இருந்தது 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 163 பி.எஸ்., 250 நியூட்டன் மீட்டர். அந்த இன்ஜின், பிரான்ஸின் ரெனோ கூட்டணியோடு சேர்ந்து உருவாக்கியது. முன்னால் நட்சத்திரம் மின்னினாலும் இன்ஜினின் ஊர் அவ்வளவு தூரம் இல்லை!

நடுப்படிகள் எங்கே போயின?

பத்து வருடத்துக்கு முன்னால் இந்தக் குழப்பத்தில் ஒரு நியாயம் இருந்தது. 2014 ஆகஸ்ட்டில் ஆடி ஏ3 செடான் 22.95 லட்சம் ஆரம்ப விலையில் அறிமுகமானது. அப்போது ஸ்கோடா ஆக்டேவியா, டொயோட்டா கரோலா ஆல்டிஸ் மாதிரி கார்களில் உயர்ந்த மாடல் எடுக்க நினைத்தவர், உண்மையிலேயே ‘இன்னும் கொஞ்சம்’ போட்டால் நான்கு வளையம் வீட்டு வாசலில் நின்றது. அந்த ஆலோசனை அந்தக் காலத்துக்குச் சரி.

பிறகு நடுவில் இருந்த படிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. 2020-ல் கரோலா ஆல்டிஸும் ஹோண்டா சிவிக்கும் போயின. 2022-ல் ஹூண்டாய் எலான்ட்ரா போனது. 2023-ல் புதிய புகை விதிமுறை வந்தபோது ஆக்டேவியாவும் வழக்கமான விற்பனையிலிருந்து விலகியது. ஆடி ஏ3-யும் கடையைக் கட்டிவிட்டது. வாங்குகிறவர்கள் எல்லாம் எஸ்.யூ.வி பக்கம் போனதால் வந்த வினை இது. இன்றைக்கு 20 லட்சத்துக்குள் வெர்னா, ஹோண்டா சிட்டி, ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ், ஸ்கோடா ஸ்லேவியா. அதற்கு மேல் ஏறினால், பெட்ரோல் செடானில் அடுத்து கால் வைக்க இடம் கிடைப்பது 45 லட்சத்துக்குப் பக்கத்தில்தான். படி போய் இப்போது பள்ளம்தான் இருக்கிறது. ஆனால், சித்தப்பாக்கள் இன்னும் 2014-லேயே நின்று ஆலோசனை சொல்கிறார்கள்.

‘இன்னும் கொஞ்சம்’ - ஒரு கணக்கு

218-ன் அறிமுக விலை 46.90 லட்சம். 2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி மாறியது. நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள இந்த மாதிரி கார்களுக்குப் பழைய செஸ் எல்லாம் நீங்கி, ஒரே விகிதமாக 40 சதவிகிதம் ஆனது. வெர்னாவுக்கும் 40, பி.எம்.டபிள்யூவுக்கும் 40. இதனால் விலைகள் கொஞ்சம் இறங்கின. கணக்குக்கு வசதியாக ஒன்றை 45 லட்சம், இன்னொன்றை 17 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இது ஷோரூம் விலை.

அடுத்து நம் மாநில ஆயுள் வரி. 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரையிலான கார்களுக்கு 18 சதவிகிதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவிகிதம். வெர்னாவுக்குச் சுமார் 3.06 லட்சம். பி.எம்.டபிள்யூவுக்கு 9 லட்சம். அந்த வரிப் பணத்திலேயே ஒரு சின்ன கார் எடுத்து, அண்ணனுக்கு ஒன்று தம்பிக்கு ஒன்று என்று நிறுத்தலாம். ஆக, ஷோரூம் விலையில் 28 லட்சமாக இருந்த வித்தியாசம், வரியோடு சேர்ந்து 34 லட்சத்தைத் தொடுகிறது. இன்ஷூரன்ஸ் இன்னும் சேரவில்லை.

10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 1 சதவிகிதம் டி.சி.எஸ் என்று பில்லில் ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். கணக்கே தாக்கல் செய்யாத வீடுகளில்தான் அந்தப் பணம் அப்படியே போய்விடுகிறது.

இன்ஷூரன்ஸில் ஒரு வேடிக்கை உண்டு. மூன்றாம் நபருக்கான கட்டாயக் காப்பீடு இன்ஜின் அளவை வைத்து நிர்ணயமாகிறது. 1000 முதல் 1500 சி.சி வரை ஒரே கட்டணம். இரண்டு காரும் அந்தப் பிரிவில்தான். அதனால் அந்தத் தொகை பைசா மாறாமல் ஒன்றுதான். வித்தியாசம் சொந்த சேதத்துக்கான பிரீமியத்தில் வருகிறது. அது காரின் மதிப்பை வைத்துப் போடுவது. அந்த மதிப்பும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. காப்பீட்டு அட்டவணைப்படி நான்கு வருடம் தாண்டி ஐந்தாவது வருடத்தில் ஓடும் காருக்கு 50 சதவிகிதம் தேய்மானம். வெர்னாவில் காகிதத்தில் கரைவது 8.5 லட்சம். மற்றதில் 22.5 லட்சம். அந்தப் பணத்துக்கு இன்னொரு வெர்னாவையே எடுத்திருக்கலாம்!

கடன் என்றால்? விலையில் 80 சதவிகிதத்தை 9 சதவிகித வட்டியில் ஏழு வருடத்துக்கு வாங்குவதாக வைத்தால், வெர்னாவுக்கு மாதம் சுமார் 22,000 ரூபாய், பி.எம்.டபிள்யூவுக்குச் சுமார் 58,000 ரூபாய். இடையில் உள்ள 36,000 ரூபாய், 84 மாதம். வளைகுடாவில் வேலை செய்பவருக்கு ‘காண்ட்ராக்ட் முடிந்தது’ என்ற மின்னஞ்சல் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பது இந்த மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்த கதை. இ.எம்.ஐ-க்கு அது தெரியாது.

அப்படியென்றால் லக்‌ஷுரி கார் வெறும் பெயர்தானா?

இல்லை. அப்படிச் சொன்னால் அது பொறாமை பேசுவதாகிவிடும். காகிதத்தில் எழுத முடியாத சில விஷயங்கள் அந்தக் காரில் இருக்கின்றன. காவல்கிணறு தாண்டி திருநெல்வேலி, மதுரை என்று நான்குவழிச் சாலையில் 100 கி.மீ வேகத்தில் போகும்போது வண்டி தரையைப் பிடித்துக்கொண்டு ஓடும் விதம், வளைவில் ஸ்டீயரிங் கையோடு பேசும் விதம், பிரேக் மிதிக்கும்போது வரும் நம்பிக்கை, உள்ளே தொடும் ஒவ்வொரு பாகத்தின் தரம் ஆகியவற்றில் அந்த வித்தியாசம் தெரியும். அடிக்கடி மதுரை, கோவை, பெங்களூரு என்று தானே ஓட்டிப்போகிற ஒருவருக்கு இது வெறும் ஆடம்பரம் இல்லை. ஓட்டுவதில் பிரியம் உள்ளவருக்கு அந்தச் சந்தோஷத்துக்கு விலை போட முடியாது. பணம் இருந்தால் அவர் தாராளமாக எடுக்கலாம்.

பெயரின் மேல் இந்த மண்ணுக்கு இருக்கும் ஈர்ப்பும் இன்று நேற்று வந்ததில்லை. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தவர்கள். அந்த அரச குடும்பத்தின் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 1950-களில் வாங்கிய மெர்சிடிஸ் 180 காரை 2013-ல் மறையும்வரை கைவிடவே இல்லை. ‘பென்ஸ் என்றால் தலைமுறைக்கும் ஓடும்’ என்ற பேச்சுக்கு இப்படிப்பட்ட கதைகள் உரம் போட்டிருக்கின்றன. ஆனால், அந்தக் காரில் ஸ்பேனரால் கழற்றக்கூடியதைத் தவிர வேறு எதுவும் கிடையாது. இன்றைய காரில் திரையும் சென்சாரும்தான் பாதி வண்டி.

வசதிகளைப் பொறுத்தவரை நிலைமை தலைகீழ். வெர்னாவின் உயர் மாடலில் காற்று வரும் முன் இருக்கைகள், போஸ் ஸ்பீக்கர், சன்ரூஃப், தானாகவே பிரேக் பிடிக்கவும் லேன் மாறாமல் பார்த்துக்கொள்ளவும் உதவும் அடாஸ் எல்லாம் விலையிலேயே அடக்கம். இருக்கையைச் சூடாக்கும் வசதிகூட உண்டு. நாகர்கோவிலில் அதை யார், எந்த மாதத்தில் போடுவார்கள் என்பது ஹூண்டாய்க்கே வெளிச்சம். லக்‌ஷுரி ஷோரூமில் இதே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். சில வசதிகள் மேல் மாடலில்தான் என்பார்கள். சில அந்தக் காரிலேயே இருக்காது.

பாதுகாப்பில் கவனமாகப் பார்க்க வேண்டும். குளோபல் என்கேப் சோதனையில் விர்ட்டஸும் ஸ்லேவியாவும் 2023 ஏப்ரலில் 5 நட்சத்திரம் வாங்கின. வெர்னாவும் அதே வருடம் அக்டோபரில் 5 நட்சத்திரம் வாங்கியது. ஆனால், அதன் உடற்கூட்டை ‘நிலையானதல்ல’ என்று அந்த அறிக்கை குறித்தது. விர்ட்டஸ், ஸ்லேவியாவின் கூடு நிலையானது என்று வந்தது. எனவே வசதிப் பட்டியலில் மயங்குகிறவர்கள் இந்த ஒரு வரியையும் எடைபோட வேண்டும். பென்ஸ் ஏ-கிளாஸ் 2018-ல் யூரோ என்கேப்பில் 5 நட்சத்திரம் வாங்கியிருக்கிறது. இரண்டும் வெவ்வேறு சோதனைகள். நட்சத்திரத்தை எண்ணி ஒப்பிட முடியாது.

களியக்காவிளை வரை ஓட்டிப் பாருங்கள்

கார் எங்கே ஓடப்போகிறது? நம் மாவட்டத்தில் பதில் சுலபம். நாகர்கோவிலில் கிளம்பி பார்வதிபுரம், வில்லுக்குறி, தக்கலை, அழகியமண்டபம், மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை. இடையில் வீடும் கடையும் பள்ளியும் பஸ் ஸ்டாப்பும் முடியாத ஒரே தெருவாக நீளும் சாலை அது. பார்வதிபுரத்திலும் மார்த்தாண்டத்திலும் மேம்பாலம் வந்த பிறகு கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. மற்றபடி இரண்டாவது, மூன்றாவது கியரில்தான் வாழ்க்கை. 160 குதிரைகளும் இங்கே மாட்டு வண்டி வேகத்தில்தான் நடக்கின்றன.

போதாததற்கு, தமிழ்நாட்டில் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையையும் நன்றாக வாங்கிக்கொள்கிற மாவட்டம் இது. மழைக்குப் பிறகு சாலை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பி.எம்.டபிள்யூவில் 18 அங்குலச் சக்கரம். டயரின் பக்கவாட்டுச் சதை மெலிது. குழியில் இறங்கினால் அடி நேராக ரிம்முக்குப் போகும். வெர்னாவில் 205/55 ஆர் 16 அளவு டயர்; சதை அதிகம், விலை குறைவு, எந்த டயர் கடையிலும் கிடைக்கும். விர்ட்டஸுக்கும் ஸ்லேவியாவுக்கும் தரையிலிருந்து உயரம் 179 மி.மீ. ஊர்ப்புற வேகத்தடைகளில் வயிறு உரசாமல் ஏற அந்த உயரம் உதவும். எந்தக் காரை எடுத்தாலும் இன்ஷூரன்ஸில் ‘இன்ஜின் புரொடெக்‌ஷன்’ சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்கள் மூழ்கியது நினைவிருக்கும். தண்ணீரில் நின்ற இன்ஜினை ஸ்டார்ட் செய்து கெடுத்துக்கொண்டால் சாதாரண பாலிசி கைகொடுக்காது.

நெரிசலில்தான் பெரும்பாலும் ஓட்டம் என்றால் ஹோண்டா சிட்டியின் ஹைபிரிட் மாடலையும் பார்க்கலாம். 2022 மே மாதம் வந்தபோது அதற்குச் சொல்லப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 26.5 கி.மீ. விலை 20 லட்சத்தை ஒட்டி வரும். குறைந்த வேகத்தில் மின் மோட்டாரே வண்டியை நகர்த்துவதால், மார்த்தாண்டம் சந்தை நேரத்தில் சத்தமே இல்லாமல் ஊர்ந்து போகும். ஜெர்மன் காரில் தேடுகிற அமைதியில் ஒரு பங்கு இங்கேயே கிடைத்துவிடுகிறது.

சர்வீஸ் இன்னொரு சங்கடம். ஹூண்டாய்க்கு நாகர்கோவிலிலேயே சர்வீஸ் உண்டு. காலையில் விட்டுவிட்டு மாலையில் எடுத்துக்கொள்ளலாம். ஜெர்மன் கார் வைத்திருக்கும் குமரிக்காரர்கள் பெரும்பாலும் திருவனந்தபுரம் பக்கம்தான் வண்டியைத் திருப்புகிறார்கள். சுமார் 65 கி.மீ. அதே களியக்காவிளைச் சாலை, பிறகு பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம். ஒரு சென்சார் விளக்கு எரிந்தால் ஒரு நாள் லீவு!

வாங்குவதற்கு முன் பாட்டியைப் பின் இருக்கையில் உட்கார வைத்துப் பாருங்கள். கூபே போலச் சரியும் கூரை, தாழ்ந்த இருக்கை, முழங்கால் வலி மூன்றும் சேர்ந்தால் சுசீந்திரம் போய்த் திரும்புவதற்குள் அந்தக் காரைப் பற்றி வீட்டில் ஒரு கருத்து உருவாகிவிடும். ஆரம்பநிலை லக்‌ஷுரி செடான்களின் பலவீனமே பின் இருக்கைதான். அவை ஓட்டுபவருக்காகச் செய்யப்பட்டவை. கோட்டாறு தேவாலயத் திருவிழாவுக்கும் திருச்செந்தூருக்கும் ஐந்து பேராகப் போகிற குடும்பத்துக்கு வெர்னாவும் சிட்டியும் ஸ்லேவியாவும்தான் தாராளம். ஒரு நேந்திரங்குலை, இரண்டு பெட்டி, பலகாரப் பாத்திரம் என்று டிக்கியில் ஏற்றும்போது அந்த 100 லிட்டர் வித்தியாசமும் புரியும்.

பழைய லக்‌ஷுரி கார் எடுத்தால்?

வெர்னா விலைக்கு நாலைந்து வயதான பென்ஸ் என்று கேரளப் பதிவு எண்ணோடு நிறைய வண்டிகள் விற்பனைக்கு வருகின்றன. ஆசையாகத்தான் இருக்கும். ஆனால், கார் பழசானாலும் அதன் உதிரி பாகம் 45 லட்ச ரூபாய் காரின் விலையில்தான் கிடைக்கும். நிறுவனத்தின் சர்வீஸ் பதிவு முழுதாக இல்லாவிட்டால் தொடவே வேண்டாம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்தில் மூழ்கிய கார்கள் ஏராளம். அந்த வயது வண்டி என்றால் சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துப் பார்த்து, தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்து, துருவும் சேற்றுக் கறையும் தேடுங்கள். வெளிமாநிலப் பதிவு எண்ணோடு இங்கே 12 மாதத்துக்கு மேல் ஓட்ட முடியாது. என்.ஓ.சி வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, டி.என். 74 அல்லது டி.என். 75 எண்ணுக்கு மாற்றியாக வேண்டும். அந்த வரியையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

காருக்குப் பணம் கட்டுவது யார்?

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் பிடித்த மாவட்டம் நம்முடையது. கல்யாணப் பேச்சில் பவுனுக்கு அடுத்து ‘வண்டி என்ன வண்டி?’ என்ற கேள்வி வருவதும் இங்கேதான். பெண்ணுக்குப் போடும் கார் என்றால் இதுவரை பார்த்த எந்தக் கணக்கும் செல்லாது. மைலேஜ், சர்வீஸ், டிக்கி எல்லாம் பின்னால் போய், முன்னால் இருக்கும் முத்திரைதான் பேசும். வெர்னா நல்ல கார் என்பது பெண்ணின் அப்பாவுக்குத் தெரியும். பையன் வீட்டு வாசலில் அது போதுமா என்பதுதான் அவர் தூக்கத்தைக் கெடுப்பது. அந்த 34 லட்சம் பல வீடுகளில் ரப்பர் தோட்டத்தில் ஒரு துண்டு. அல்லது ஓய்வுபெற்றபோது வந்த மொத்தப் பணம்.

எல்லைக்கு அந்தப் பக்கம், கொல்லம் மாவட்டம் சாஸ்தாம்கோட்டையில் 2021 ஜூனில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். ஆயுர்வேத மருத்துவம் படித்துக்கொண்டிருந்த இளம்பெண் கணவர் வீட்டில் இறந்துகிடந்தார். நூறு பவுனும் ஒரு ஏக்கருக்கு மேல் நிலமும் கொடுத்ததோடு, அவர் குடும்பம் கொடுத்த கார் ஒரு டொயோட்டா யாரிஸ். நன்றாக வசதிகள் உள்ள ஒரு சாதாரண செடான். அந்தக் கார் பிடிக்கவில்லை என்று கணவர் துன்புறுத்தினார் என்பது வழக்கின் முக்கியமான பகுதி. கணவர் மோட்டார் வாகனத் துறையில் வேலை பார்த்தவர்! 2022 மே மாதம் கொல்லம் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. வழக்கு பிறகு மேல்முறையீட்டுக்குப் போனது. ‘எந்த செடான்’ என்ற கேள்வி ஒரு பெண்ணின் உயிரோடு விளையாடிய இடம் மார்த்தாண்டத்திலிருந்து சில மணி நேரப் பயணம்தான்.

1961-ம் வருட வரதட்சணைத் தடுப்புச் சட்டப்படி, வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம். ஐந்து ஆண்டுக்குக் குறையாத சிறை. ‘இன்ன கார் வேண்டும்’ என்று மாடல் பெயரோடு கேட்டு வந்தால் அது பரிசு ஆகாது. அந்தச் சம்பந்தத்தைப் பற்றி யோசிக்க அந்த ஒரு வாக்கியமே போதும். கேட்காமலே மகளுக்கு ஒரு கார் கொடுக்க விரும்பும் பெற்றோர், பில், ஆர்.சி, இன்ஷூரன்ஸ் மூன்றையும் மகள் பெயரிலேயே போடுங்கள். கல்யாணப் பரிசுகளைப் பட்டியல் போட்டு இரு தரப்பும் கையெழுத்து வைத்துக்கொள்ள 1985 விதிகள் சொல்கின்றன; அந்தப் பட்டியலில் காரையும் எழுதுங்கள். மகளுக்கு ஓட்டத் தெரியாவிட்டால், கார் புக் செய்கிற அன்றே டிரைவிங் பள்ளியிலும் சேர்த்துவிடுங்கள். டெஸ்ட் டிரைவின்போது ஸ்டீயரிங்கில் அவளே உட்காரட்டும்.